காலை ஒன்பது மணிக்கு எங்கே இருப்பது? நீண்ட நாள் வேலை இல்லாதவர்களுக்கு ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

இந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் சித்தி மகன். தர்மபுரிக்காரன், பி.இ. மெக்கானிக்கல், சென்னையில் பார்த்த வேலை போய்ப் பத்து மாதம் ஆகிறது. இன்னொருவர் என்னோடு பெங்களூரில் வேலை பார்த்தவர். வயது நாற்பத்தொன்று, கிருஷ்ணகிரியில் வீடு கட்டி அதற்குக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது எங்கள் எதிர்வீட்டுப் பெண், எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடம். வேலை கிடைக்கிறவரைக்கும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வீட்டிலேயே உட்கார்ந்து தேடுவதா, நூலகத்துக்குப் போவதா, உள்ளூரில் கிடைத்ததைச் செய்வதா, ஓசூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஏறிவிடுவதா, பெங்களூரில் அறை எடுத்துவிடுவதா?

நானும் பதினாலு மாதம் சும்மா இருந்தவன்தான். பெங்களூரில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்தேன். மேலே சொன்ன ஐந்தில் நான்கை நானே செய்து பார்த்தேன். ஓசூரை மட்டும் என் மச்சான் வழியாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தப் பதினாலு மாதமும் "மனசைத் தளரவிடாதே" என்று சொன்னவர்களுக்குக் குறைவே இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அந்த வார்த்தையால் ஒரு நாள்கூட எனக்கு விடியவில்லை, அவ்வளவுதான். மனசு எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு உடம்பு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. அதனால் ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

1930-களின் தொடக்கத்தில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கே சோறு போட்ட ஆலை மூடிவிட்டது. மாரி யகோடா என்ற இளம் ஆய்வாளரும் அவரோடு சிலரும் அங்கே போய், வேலை போனவர்களின் பொழுது எப்படிக் கழிகிறது என்று கணக்கெடுத்தார்கள். எல்லார் கையிலும் நேரம் மலைபோலக் கிடந்தது. ஆனால் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் போகிறவர்களின் நடையை மறைவிலிருந்து கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்குச் சம்பளம் போயிருந்தாலும் அடுப்பும் துணியும் பிள்ளைகளும் போகவில்லை, அவர்கள் நாளுக்கு ஒரு வரிசை மிச்சமிருந்தது. சம்பளம் போக, வேலை நமக்கு ஐந்து விஷயங்களைத் தருகிறது என்று யகோடா பிற்பாடு எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஊரில் ஒரு இடம், கையில் ஒரு காரியம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஆலமரத்தடிதான் ஞாபகம் வந்தது. சரி, நம் ஊருக்குத் தகுந்த மாதிரி நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் இவை.

காலையில் வீட்டைவிட்டுக் கிளப்புகிறதா என்பது முதலாவது. ஒரு நாள் வராவிட்டால் "நேத்து ஏன் வரல?" என்று கேட்க ஆள் இருக்கிறதா என்பது இரண்டாவது. பலர் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு கரைகிறது என்பது அடுத்தது. களைப்பில்லாத தலையோடு வேலை தேட ஒரு நாளில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பது நான்காவது. இரண்டு மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தால் போதும், எட்டு மணி நேரம் யாராலும் தேட முடியாது. கடைசியாக, அடுத்த இன்டர்வியூவில் "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பொய் இல்லாமல் சொல்ல ஒரு வரி கிடைக்குமா?

## வீட்டிலிருந்தே தேடுவது

முதல் நான்கு மாதம் இப்படித்தான் போயிற்று. செலவில்லாத வழி இதுதான் என்று நினைத்தேன். மூன்று வேளை சோறு, மேலே மின்விசிறி, மடியில் லேப்டாப், வேறென்ன வேண்டும்?

ஒரு வாரம் மட்டும் நோட்டில் குறித்து வைத்துப் பார்த்தேன். தினமும் ஆறு மணி நேரம் தேடுவதாகத் திட்டம். உண்மையில் சராசரியாக ஒரு மணி பத்து நிமிடம்தான். மீதி எங்கே போனது என்பதும் நோட்டில் இருந்தது. "சும்மாதானே இருக்கே, ரேஷனுக்குப் போயிட்டு வந்துடு" என்பது அம்மா. கரன்ட் பில், அண்ணன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நாலு ஊருக்குக் கொடுப்பது, இரண்டு இழவு. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க நாலு மணி. யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஒரு ஆள் ஓய்வாக இருக்கிறான் என்றால் வீட்டுக்கு அவன் வேண்டியவன்தான். அந்த "சும்மாதானே"தான் இந்த வழியின் மறைமுகச் செலவு. அது பணமாகத் தெரியாது. மூன்றாவது மாதம் அப்பாவோடு மோட்டார் சுவிட்சைப் போடுவதைப் பற்றி ஒரு சண்டை வந்தது. அது சுவிட்சைப் பற்றிய சண்டை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்னொன்று, வீட்டிலிருந்து தேடினால் வேலை தேடுவது என்பது செல்போனில் விண்ணப்பப் பொத்தானை அழுத்துவதாகச் சுருங்கிவிடும். ஒரே ராத்திரியில் நாற்பது கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். எதற்கு அனுப்பினேன் என்று மறுநாள் கேட்டால் எனக்கே தெரியாது.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "ணா, எனக்கு வேலை இல்லேன்னு யார் சொன்னா? காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி ஒன்பது. சம்பளந்தான் இல்ல." அவள் வேலை தேட உட்காருவது எல்லாரும் தூங்கின பிறகுதான்.

எப்போது இது சரிவரும்? ஒன்றிரண்டு மாதத்துக்குள் சேரப்போகிற வேலை கையில் இருந்தால், கைக்குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்தால், பூட்டிக்கொள்ள ஒரு தனி அறை இருந்து, அதை வீட்டார் மதித்தால். மற்றபடி இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## நூலகமும் அறிவுசார் மையமும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. நகராட்சியின் அறிவுசார் மையமும் வந்துவிட்டது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கும். செலவு என்று பார்த்தால் பஸ்ஸும் இரண்டு டீயும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டே இல்லை என்பதால் அந்தச் செலவும் மிச்சம்.

வீட்டிலிருந்து நான் தப்பித்தது இந்த வழியில்தான். ஒன்பதரைக்குள் போனால்தான் ஜன்னல் ஓரம், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். அந்த ஒரு நாற்காலிக்காகவே எட்டு மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது வாரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், பேர்கூட எனக்குத் தெரியாது, "ரெண்டு நாளா காணோமே?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் வெளியே நின்று டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: நாலு மாதத்தில் என்னை யாரும் காணோம் என்று தேடியதே இல்லை.

இதிலும் ஒரு மறைமுகச் செலவு உண்டு. அதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் குரூப் 4, குரூப் 2 என்று அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனி வேலை தேடத்தான் நீங்கள் போயிருப்பீர்கள். இரண்டு மாதத்தில் உங்கள் மேசையிலும் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வந்து உட்கார்ந்துவிடும். முடிவெடுத்தீர்களா என்றால் இல்லை, காற்று அந்தப் பக்கம் அடித்தது, அவ்வளவுதான். அந்தக் காற்றில் போகுமுன் கணக்கைப் பாருங்கள். 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். அப்புறம் இடங்களைக் கூட்டினார்கள். கூட்டின பிறகும் ஒரு இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல். படிக்காதே என்று சொல்லவில்லை, எங்கள் ஊரிலேயே எழுதி வி.ஏ.ஓ. ஆனவர் இருக்கிறார். எத்தனை முறை எழுதுவது, எந்த வயதோடு நிறுத்துவது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இறங்குங்கள். தானாக நழுவி இறங்கினவர்கள் ஐந்து வருடம் கழித்தும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் இன்னொரு விஷயம். பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்தும் வேலை இல்லை, குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் என்றால் அரசின் உதவித்தொகை உண்டு. பொதுப் பிரிவில் பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600, மூன்று வருடத்துக்கு. பொறியியல் மாதிரி தொழில்சார் பட்டம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. அறுநூறு ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மாதாந்திர பஸ் செலவும் டீ செலவும் ஆகும். அதற்கு வீட்டில் கைநீட்ட வேண்டாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நூலக வாசம் யாருக்கு ஏற்றது என்றால், வீட்டில் ஆறேழு மாதத்துக்குத் தாங்கும், ஒரு குறிப்பிட்ட தேர்வோ ஒரு புதுத் திறமையோ இலக்காக இருக்கிறது என்பவர்களுக்கு. கடன் இருக்கிறவர்களுக்கு இது மட்டும் போதாது.

## உள்ளூரில் கிடைத்த வேலை

எங்கள் பக்கம் ஏப்ரல், மே வந்தால் மாங்காய். செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா என்று வந்து, கடைசியில் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிற பெங்களூரா ரகம். சீசனில் ஆலைகளுக்கு வெளியே லாரியும் டிராக்டரும் வரிசைகட்டி நிற்கும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மண்டி வருடம் முழுக்க. இவை போக ஈ-சேவை மையம், துணிக்கடை, கிரானைட் கம்பெனிக் கணக்கு, டியூஷன்.

எனக்குக் கிடைத்தது ஒரு கூழ் ஆலையில் எடை மேடை. லாரி எண், மொத்த எடை, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது காலி எடை, அழுகலுக்குக் கழிவு, நிகரம். ஒரு நாளைக்கு நூறு சீட்டுக்கு மேல் போட்டிருக்கிறேன். காம்பு உடைந்த காயிலிருந்து வடிகிற பால் கையில் பட்டால் தோல் கருத்துவிடும் என்பது மாந்தோப்பு ஊரில் பிறந்த எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது, தோப்பில் வேலை செய்ததே இல்லை. ராத்திரி பதினொன்றுக்கு ஒரு விவசாயி கழிவு எடையைப் பார்த்துவிட்டு, "சார், இது அழுகல் இல்ல, அடிபட்டது" என்று ஒரு காயைத் தூக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவர் சொன்னது சரி. அறுத்துப் பார்த்தோம், உள்ளே மஞ்சளாக இருந்தது. கழிவைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை, மேலாளரை எழுப்பிச் சண்டை போட்டுக் குறைத்தேன். பத்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சம்பளம் பழைய வேலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இனி இதன் செலவு. சீசனில் தேட நேரமே கிடைக்காது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான் ஒரு விண்ணப்பம்கூட உருப்படியாக அனுப்பவில்லை. சீசன் முடிந்த மறுநாள் மறுபடி சும்மா. அப்புறம் ஊர் வாய். "இஞ்சினீருக்குப் படிச்சவன் மாங்கா எடை போடறான்" என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். அது இரண்டு வாரம் உறுத்தும், மூன்றாவது வாரம் பழகிவிடும். சும்மா இருந்தாலும் ஊர் சொல்லத்தான் போகிறது, சொல்கிற வார்த்தைதான் வேறு.

ரெஸ்யூமில் இதைப் போடலாமா என்று தயங்கினேன், போட்டேன். பிற்பாடு எனக்கு வேலை கிடைத்தது வழக்கம்போல் ஆன்லைனில் அனுப்பிய விண்ணப்பத்தால்தான், ஆலையில் பழகின ஆட்களால் இல்லை. ஆனால் அந்த இன்டர்வியூவில் பாதி நேரம் பேசியது எடை மேடையைப் பற்றி. சீட்டில் வந்த தப்புகளை எப்படிக் கண்டுபிடித்தேன், வரிசையை எப்படிக் குறைத்தோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சொந்தமாகத் தொடங்கலாமா என்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தைப் போய்ப் பாருங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம், உற்பத்திக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு காட்டலாம். கிராமப்புறத்தில் மானியம் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் முதலான பிரிவுகளுக்கு 35. மானியம் போக மீதி கடன் என்பதை மறந்துவிட வேண்டாம். வேலை இல்லாத வெறுப்பில் கடை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தொழிலில் ஆறு மாதமாவது யாரிடமாவது கூலிக்கு இருந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

## ஓசூரில் ஏறிவிடுவது

டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகளும் ஓசூரில் இருக்கின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. எதுவானாலும் ஏதாவது ஒரு கதவு திறக்கும். மாதச் சம்பளம் கைக்கு வரும். காலையில் கிளப்புகிறதா என்ற கேள்வியே இல்லை. என் மச்சான் ஐ.டி.ஐ. படித்தவன், முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே ரோட்டில் நிற்பான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரே ஒரு தாள், நியமன உத்தரவு. அப்ரென்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்ற மூன்று சொல்லும் ஒன்றில்லை. சட்டப்படியான அப்ரென்டிஸுக்கு உதவித்தொகையும் முடிவில் சான்றிதழும் உண்டு, பி.எஃப். கிடையாது. கான்ட்ராக்ட் என்றால் உங்கள் முதலாளி ஆலை இல்லை, நடுவில் இருக்கிற ஒப்பந்ததாரர். அவர் பி.எஃப். பணத்தைப் பிடித்துக் கட்டுகிறாரா என்று இரண்டாவது மாதமே செல்போனில் பார்த்துவிடுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. வரும். நம் பங்கு 0.75 சதவீதம்தான், அதற்குக் குடும்பத்துக்கே மருத்துவம். வேலை இல்லாமல் இருந்த வீட்டுக்கு இது பெரிய தெம்பு. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது தெரியும்.

மறைமுகச் செலவு ஷிப்டுதான். வாரம் மாறினால் தூக்கம் மாறும். மச்சான் முதல் மூன்று மாதம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் இல்லை, தூக்கம். வேறு வேலைக்கு இன்டர்வியூ வந்தால் ஒரு நாள் லீவு, அதோடு அந்த மாத வருகைப் போனஸும் போகும். அதனால் "அடுத்த மாசம் தேடிக்கலாம்" என்றே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. தர்மபுரியிலிருந்து தினமும் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை, அறைதான். கிருஷ்ணகிரிவரை என்றால் சமாளிக்கலாம்.

கடன், ஈ.எம்.ஐ. இருக்கிறவர்கள், தொழில்நுட்பம் படித்து ஆலை வேலையையே நம்புகிறவர்கள் தயங்காமல் போகலாம். எதுவரை அங்கே இருப்பது என்று ஒரு தேதி வைத்துக்கொண்டு போங்கள்.

## பெங்களூரில் அறை

இதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன், ஆறு வாரத்தில் நானும் அப்படித்தான் முடித்தேன். "அங்க இருந்தாத்தான் கூப்பிடுவாங்க" என்று நண்பர்கள் சொன்னார்கள். முதல் சுற்றெல்லாம் இப்போது ஆன்லைனில்தான் நடக்கிறது. பி.ஜி. வாடகையும் முன்பணமும் சேமிப்பைத் தின்றன. அதைவிட மோசம் காலை எட்டரை மணி. அறையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பின பிறகு வருகிற அமைதி. சொந்த ஊரில் சும்மா இருப்பதைவிட அது நாலு மடங்கு. அந்த அவசரத்தில் ஒரு கன்சல்டன்சிக்குப் பதிவுக் கட்டணம் என்று 3,500 ரூபாய் கட்டினேன். அடுத்த வாரம் போன் எடுக்கவில்லை. வேலை வாங்கித்தர முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சொச்சம், தர்மபுரியிலிருந்து 130-க்கு மேல். விடியற்காலை பஸ் ஏறினால் பத்து மணி இன்டர்வியூவுக்குப் போய்விடலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நேரடி இன்டர்வியூ உறுதியாக வருகிறது என்ற நிலை வந்த பிறகு அறை எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

## எல்லாம் ஒரே பார்வையில்

| வழி | காலையில் கிளப்புமா | "ஏன் வரல" என்று கேட்க ஆள் | பணம் | தேட மிஞ்சும் நேரம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| வீடு | இல்லை | இல்லை | செலவு குறைவு, வரவு இல்லை | தாளில் நிறைய, நிஜத்தில் ஒரு மணி | "சும்மாதானே", அப்பாவோடு சண்டை |
| நூலகம் | ஆமாம் | மெதுவாகக் கிடைக்கும் | பஸ், டீ | மூன்று, நான்கு மணி | தெரியாமல் தேர்வுப் பக்கம் நழுவுவது |
| உள்ளூர் வேலை | ஆமாம் | உடனே | கொஞ்சம் வரும் | சீசனில் இல்லை, மற்ற நாளில் இரண்டு மணி | ஊர் வாய், சீசன் முடிவு |
| ஓசூர் | நாலரைக்கே | உண்டு | மாதச் சம்பளம் | மிகக் குறைவு | தூக்கம், தள்ளிப்போகும் தேடல் |
| பெங்களூர் அறை | நம் பொறுப்பு | இல்லை | வேகமாகக் கரையும் | நிறைய | தனிமை, அவசரத்தில் ஏமாறுவது |

பணம் கரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை போனதும் பலர் முதலில் கைவைப்பது பி.எஃப். பணத்தில்தான். மொத்தச் சேவை ஐந்து வருடம் முடியுமுன் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் வரும். எடுத்த பணத்தை நாலு மாதத்தில் வீட்டுச் செலவுக்கே தீர்த்துவிட்டு, ஐந்தாவது மாதம் எந்த வேலையானாலும் சரி என்று ஓடுவதற்கு, முதல் மாதமே உள்ளூரில் ஒரு சின்ன வரவைப் பிடிப்பது மேல்.

இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அப்போது இந்த அட்டவணை உதவாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது மாதிரி போய்விட்டு வாருங்கள்.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

சித்தி மகனுக்கு ஓசூர். மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஆலைக்கு வெளியே நின்று தேடுவதைவிட உள்ளே நின்று தேடுவது எளிது. தர நிர்ணயப் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை ஒன்று கைக்கு வந்தும் தயங்கிக்கொண்டிருந்தான். ஏறிவிடு, ஆனால் ஆறு மாதம் என்று காலண்டரில் வட்டம் போடு, வாரத்தில் உனக்கு விடுப்பு வருகிற நாளில் காலை இரண்டு மணி நேரம் தேடலுக்கு என்று சொன்னேன். போன வாரம் சேர்ந்துவிட்டான்.

நாற்பத்தொரு வயதுக்காரரிடம் என் பேச்சு எடுபடவில்லை. ஈ.எம்.ஐ. ஓடுகிறது, கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு, மண்டியிலோ கிரானைட் கம்பெனியிலோ பகுதி நேரக் கணக்கு எழுதினால் மாதாமாதம் ஏதோ வரும், மீதி நேரம் தேடலாம் என்றேன். "பதினெட்டு வருஷம் கம்பெனியில மேனேஜரா இருந்துட்டு இங்க வந்து பேரேடு எழுதறதா?" என்றார். அவர் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கையில் இருக்கிற சேமிப்பு ஐந்து மாதத்துக்குத்தான் வரும் என்று அவரே சொன்னார், அந்த ஐந்தில் இரண்டு போய்விட்டது. தினமும் காலையில் நடைபயிற்சிக்கு அணைப் பக்கம் போகிறாராம். மறுபடி கேட்டுப் பார்ப்பேன்.

எதிர்வீட்டுப் பெண் இரண்டையும் கலந்துகொண்டாள். வாரத்தில் நாலு நாள் நூலகம், இரண்டு நாள் காவேரிப்பட்டணத்தில் ஒரு ஈ-சேவை மையம். அவள் அம்மாவிடம் "வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாலு நாளும் கிளம்புகிறாள், நூலகத்துக்கு என்று சொன்னால் அனுப்ப மாட்டார்கள். இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே சிக்கல் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நூலகம் விடுமுறை, ஈ-சேவையிலும் அவள் முறை இல்லை. வீட்டில் இருந்தால் துணி மூட்டை காத்திருக்கும். "அன்னிக்கு எங்கண்ணா போறது?" என்று கேட்டாள். அவள் அப்பா வெள்ளிக்கிழமையானால் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குப் போகிறவர். கூடப் போய் எழுத்து வேலை பார் என்றேன், விளையாட்டாகத்தான். போன வெள்ளி நிஜமாகவே போயிருக்கிறாள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது எப்படி என்று வந்து எனக்குப் பாடம் எடுத்தாள்.